பத்து அடியும் ஒரே அடியாக

சோதனைக்கூடத்தில் அவளை எல்லாரும் மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். வேகத்தைப் பார்த்து வைத்த பேர் அல்ல. நடையைப் பார்த்தால் ஆமையிடம் இரவல் வாங்கி வந்த நடை. வாசலில் செருப்பை மாற்றிக்கொண்டு தன் மேசைக்கு வந்து சேர்வதற்குள் மற்றவர்கள் ஒரு டீயைக் குடித்து முடித்துவிடுவார்கள். அவள் செய்கிற வேலைக்காக வந்த பேர் அது. எந்த மின்சாதனமாக இருந்தாலும் கடைக்குப் போவதற்கு முன்னால் அவளிடம் வந்து அடி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

அடி என்றால் பிரம்படி இல்லை. காற்று காய்ந்து கிடக்கிற நாளில் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கதவுப் பிடியைத் தொட்டால் விரலில் சுரீரென்று ஒன்று கடிக்கிறதே, அந்த அடி. மனிதருக்கு அது கையை உதறுவதோடு போய்விடும். சாதனத்துக்கு அப்படிப் போகாது. உள்ளே கடுகத்தனைச் சில்லில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிற மூளைக்கு அது தலையில் விழுந்த இடி. சிலது தாங்கும். சிலது செய்த வேலையை மறந்துவிட்டு முழிக்கும். சிலது செத்தே போகும். எது எந்த ஜாதி என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி உண்டு. முனையில் ஊசி, பின்னால் வால்போல நீளமாக ஓர் எர்த் ஒயர். எட்டாயிரம் வோல்ட் ஏற்றி, ஊசியைச் சாதனத்தின் உலோகத்தில் நேராக வைத்து, விசையை அழுத்த வேண்டும். டக். ஓர் இடத்துக்குப் பத்து டக்.

கேட்டால் இவ்வளவுதானா என்று இருக்கும். செய்து பார்த்தால் தெரியும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற பேச்சு அடுப்படியோடு சரி, அங்கே எடுபடாது. முதல் அடிக்குச் சிரித்துக்கொண்டிருக்கிற பெட்டி ஏழாவது அடிக்குக் கண்ணை மூடும். ஊசி கொஞ்சம் சாய்ந்தால் ஒரு விடை. வால் ஒயர் பெட்டிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தால் வேறு விடை. இன்றைக்கு ஒருத்தி அடித்து வந்த விடை நாளைக்கு இன்னொருவன் அடித்தாலும் வர வேண்டும். வராவிட்டால் அதற்குப் பேர் சோதனை இல்லை, குலுக்கல் சீட்டு.

மின்னலுக்கு அந்தப் பிடிவாதம் ரத்தத்திலேயே இருந்தது. பத்தொன்பது வயதில் ரேடியோ தொழிற்சாலையில் ஈயம் பற்றவைக்கப் போனவள். அவள் வைத்த ஈயப்புள்ளிகள் கோத்த மணிபோல ஒரே அளவில் இருக்கும். அந்தக் கையைப் பார்த்துத்தான் சோதனைக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். தகரம் விரித்த தரை, மரமேசை, மேசைமேல் ஒரு பெரிய உலோகத் தகடு, தகட்டின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு. பெட்டி எங்கே உட்கார வேண்டும், ஒயர் எங்கே ஓட வேண்டும் என்று விரிப்பின்மேல் சிவப்பு நாடாவால் கோடு ஒட்டியவள் அவள்தான். பெட்டி கோட்டைவிட்டு ஒரு நூல் விலகினாலும் பொறுக்கமாட்டாள். இருபத்தோரு வருஷமாக அந்த மேசைதான் அவள் வீட்டின் இன்னோர் அறை.

கல்யாணம்கூட அந்த மேசை தந்ததுதான். கப்பலில் வைக்கிற ஓர் அளவுமானியைச் சோதிக்க எடுத்துக்கொண்டு ஒருநாள் ஒரு மெக்கானிக் வந்தார். கப்பலின் இயந்திர அறையில் வேலை, நாற்பத்திரண்டு வயது, தனிக்கட்டை. அவளுக்கு முப்பத்தெட்டு. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று மூன்று மணிநேரம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, "பத்துத் தடவையும் ஒரே மாதிரி அடிக்கிற ஆள இன்னிக்குத்தாங்க பாக்கறேன்" என்றார். அவள், "அடி வாங்கறதுக்கு ஆசையா?" என்று கேட்டுவிட்டாள். ஆறு மாதத்தில் கல்யாணம்.

ஒன்பது வருஷம் ஆயிற்று. பிள்ளை குட்டி இல்லை. ஒன்பது வருஷத்தில் இருவரும் ஒரே கூரையின்கீழ் இருந்ததைக் கூட்டினால் ஒன்றேகால் வருஷம் தேறாது. மிச்சமெல்லாம் கடல் கொண்டுபோனது. வீட்டில் இரண்டு தலையணைக்கும் வாரம் தவறாமல் உறை மாற்றுவாள். படுக்காத தலையணைக்கு என்னத்துக்கு உறை மாற்றுகிறாய் என்று அக்காள் ஒருமுறை கேட்டதற்கு, தூசி கணவன் ஊரில் இருக்கிறானா என்று விசாரித்துவிட்டா படிகிறது என்றாள். அதற்குப் பிறகு அக்காள் கேட்கவில்லை.

இந்தத் தடவை அவர் போய்ப் பதினான்கு மாதம். அவருடைய கப்பல் புதன்கிழமை மத்தியானம் துறைமுகத்துக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பும் என்று செய்தி வந்தது. துறைமுக ஊருக்கு ஒரே ஒரு ரயில்தான், சாயங்காலம் ஏழு மணிக்கு. ஏறிப் படுத்தால் விடியும்போது கடல். செவ்வாய்க்கிழமை ஏறினால் நாலரை நாள் கிடைக்கும். நாலரை நாள் என்பது அவர்கள் கணக்கில் பெரிய சொத்து. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள். கூடத்தின் மேலாளரும் சரி என்றார். முத்திரை குத்துவதில் அவருக்கு இருந்த பிரியத்தைப் பார்த்து அவருக்கு முத்திரை சார் என்று பேர் ஆகியிருந்தது. "அந்தச் சொட்டு மருந்துப் பெட்டிய மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போம்மா" என்று ஒரு வார்த்தை போட்டார். அந்த ஒரு வார்த்தைதான் வினை.

நோயாளியின் உடம்புக்குள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விடுகிற பெட்டி அது. பேட்டரியில் ஓடும். பிளாஸ்டிக் உடம்பு, கம்பத்தில் மாட்டுவதற்குப் பின்னால் ஓர் உலோகப் பிடி. அடி விழ வேண்டியது அந்தப் பிடியில், நாலு இடத்தில். கூடத்தின் சட்டப்படி, உயிரோடு சம்பந்தப்பட்ட எதையும் இரண்டு பேர் வேறு வேறு நாளில் அடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் முத்திரை.

திங்கட்கிழமை அடித்தவன் சந்தேகம். அவளைவிடப் பத்து வயது இளையவன், நல்ல வேலைக்காரன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பிவந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள், அதனால் அந்தப் பேர். நாற்பது அடி அடித்தான். முதல் சுற்றின் முதல் அடியில் மட்டும் பெட்டி கண்ணை மூடித் திறந்தது. மறுபடி அந்தச் சுற்றை அடித்தான், பெட்டி அசையவில்லை. ஏதோ தற்செயல் என்று குறித்துவைத்துவிட்டு, தாங்கியது என்று எழுதினான்.

செவ்வாய்க்கிழமை மின்னல் அடித்தாள். பையைக் கட்டி மேசைக்கடியில் வைத்துவிட்டுத்தான் துப்பாக்கியை எடுத்தாள். நாலாவது அடியில் திரை இருண்டது. ஒரு கணம்தான். மறுபடி வெளிச்சம் வந்தபோது சொட்டு எண் பூஜ்யத்தில் நின்றது. அபாய மணி அடிக்கவில்லை. மருந்து நின்றுபோனதே பெட்டிக்குத் தெரியவில்லை. பதினேழாவதில் மறுபடி. முப்பத்தொன்றில் மறுபடி.

முத்திரை சார் தாளை வாங்கிப் பார்த்தார். "நேத்து அவன் அடிச்சப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

"இன்னிக்கு இல்ல சார்."

"ஊசி சாஞ்சிருக்கும்."

"என் ஊசி சாயாது சார்."

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "தப்பா எடுத்துக்காதம்மா. மனசு துறைமுகத்துல இருக்கு. கை இங்க எப்படி நிக்கும்? நாளைக்கு நிதானமா ஒருதடவ அடிச்சுடு."

அதுதான் அவளை உள்ளே குத்தியது. ஏனென்றால் அவளுக்கே அந்தப் பயம் இருந்தது. ஒவ்வொரு டக்குக்கும் நடுவில் கப்பல் எங்கே வந்திருக்கும் என்று நினைத்தது உண்மை. ஒரு பெண் புருஷனை நினைத்தால் எட்டாயிரம் வோல்ட் எட்டாயிரத்து நூறு ஆகிவிடுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆகாது என்று புத்தி சொன்னது. யார் கண்டது என்று வயிறு சொன்னது.

அன்றைய ரயில் போயிற்று.

புதன்கிழமை ஊசியை மாற்றினாள். வால் ஒயரைப் பெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கட்டினாள். எதையும் நினைக்கக்கூடாது என்று வாய்க்குள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே அடித்தாள். ஏழெட்டு ஐம்பத்தாறு என்கிற இடத்தில் பெட்டி கண்ணை மூடியது. அதே சமயம் மேசைக்கடியில் பைக்குள் போன் முனகியது. கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிட்டது என்று தெரிந்தது. அவள் துப்பாக்கியைக் கீழே வைக்காமல் மிச்ச அடியையும் அடித்தாள். மொத்தம் நான்கு தடவை விழுந்தது. சந்தேகம் மத்தியானம் அதே பெட்டியை அடித்தான். நாற்பதும் தாங்கியது.

"பெட்டிக்கு உங்க மேல ஏதோ கோவம் அக்கா" என்றான்.

"உன்மேல ஏன் இவ்வளவு பாசம்னுதான் எனக்குப் புரியல" என்றாள்.

அன்று ராத்திரி வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது மறுபடி போன் வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"எங்க இருக்க?" என்றார் அவர்.

"வெங்காயத்துக்கிட்ட."

"ரயில்ல எதுக்கு வெங்காயம்?"

"ரயில்ல இல்லீங்க. வீட்ல."

கிரேன் சத்தத்துக்கு மேல் அவர் குரலை உயர்த்தினார். "கப்பலு கரையில. நீ வீட்ல. நல்லா இருக்கு."

"ஒரு பெட்டி ஒத்துவர மாட்டேங்குது. நான் அடிச்சா விழுது, அவன் அடிச்சா நிக்குது. இப்ப நான் கெளம்பிட்டா வேற யாரையாவது அடிக்க வச்சு, அவன் விடையோட சேத்து வெள்ளிக்கிழம முத்திரை குத்தி அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டுமே. அவனும் நல்லா அடிக்கறவன்தான?"

"நல்லா அடிக்கறவன்தான். அதுதாங்க பயமா இருக்கு."

"வர்றியா, வரலியா. அத மட்டும் சொல்லு."

"வர்றேன்."

"எப்போ?"

"பெட்டி சொல்லும்."

"அப்ப போன அதுக்கிட்டயே குடு. நான் பேசிக்கறேன்."

சிரித்தாள். சிரிக்கும்போது கத்தி வழுக்கி வலது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பெட்டியை விட்டுவிட்டு விரலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார், பிறகு அழுகை வந்துவிடும். போனை வைத்துவிட்டு விரலைக் கழுவித் துடைத்து, தடிமனாகப் பிளாஸ்திரி சுற்றினாள்.

வியாழக்கிழமை பிளாஸ்திரி விரலை ஒதுக்கிவைத்துவிட்டு நடுவிரலால் விசையை அழுத்தினாள். பத்து. இருபது. முப்பது. நாற்பது. பெட்டி சிமிட்டவே இல்லை. மத்தியானம் மறுபடி நாற்பது. நிலையாக நின்றது.

முத்திரை சார் கையைத் தட்டாத குறை. "பாத்தியா? நான் சொன்னேன்ல. மனசு அடங்குச்சு, கை அடங்குச்சு. கையெழுத்துப் போடு. மணி நாலுதான் ஆகுது. ஏழு மணி ரயிலு உனக்காகவே நிக்குது."

தாள் அவள் முன்னால் இருந்தது. பேனாவும் இருந்தது. இரண்டு பேர், வேறு வேறு நாள், ஒத்த விடை. சட்டப்படி ஒரு குறையும் இல்லை. கையெழுத்துப் போட்டால் வெள்ளிக்கிழமை காலையில் கணவர் சட்டையின் எண்ணெய் வாசனையில் முகத்தை வைத்துக்கொள்ளலாம். வெள்ளி, சனி, ஞாயிறு. பேனாவின் மூடியைக் கழற்றினாள். அவர் எப்படி ரயிலடியில் நிற்பார் என்பதுகூட அவளுக்குத் தெரியும். கூட்டத்தில் தெரியவேண்டுமென்று கையில் சுருட்டிய செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார், எல்லாரையும்விட ஒரு தலை உயரமாக இருந்துகொண்டு.

மூடியைத் திரும்ப மாட்டினாள்.

"நேத்து விழுந்தது சார். இன்னிக்கு விழல. நடுவுல நான் எதையும் மாத்தல."

"மாறிடுச்சில்ல. அது போதாதா?"

"எது மாறுச்சுன்னு தெரியாம மாறுனது, நாளைக்குத் திரும்ப மாறும். ஆஸ்பத்திரியில போயி மாறும்."

"அந்தக் கம்பெனிக்காரன் ஒரு நாளைக்கு மூணு தடவ கூப்பிடறான். நான் என்னத்தச் சொல்ல?"

"உங்க மின்னலுக்குப் பைத்தியம் பிடிச்சுருச்சுன்னு சொல்லுங்க சார். சனிக்கிழம வரைக்கும் பைத்தியம் இருக்கும்."

அவர் எழுந்து போய்விட்டார். அவள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். தண்ணீர் வீணாகிறதே என்று தோன்றியதும் நிறுத்திக்கொண்டாள். ஏழு மணிக்கு ரயில் அவள் இல்லாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் சந்தேகத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். இருவருடைய தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினாள்.

"உனக்கு ஒரு தடவதான விழுந்துச்சு. எத்தனாவது அடி?"

"முதல் அடிக்கா. எழுதியிருக்கேனே."

"எனக்குப் பாரு. நாலு, பதினேழு, முப்பத்தொண்ணு. எங்க வேணா விழுது. உனக்கு முதல் அடியத் தவிர வேற எங்கயும் விழல." அவள் யோசித்தாள். "இன்னிக்கு நான் அடிக்கறப்ப நீ பெட்டியப் பாக்காத. எல்லாரும் அதையேதான் பாக்கறோம். என் கையப் பாரு."

"கையவா?"

"கையத்தான். கண்ணைச் சிமிட்டாம."

அவள் அடித்தாள். ஒரு டக், பிறகு மனசுக்குள் ஐந்து எண்ணல், பிறகு அடுத்த டக். அந்த ஐந்து எண்ணல் கூடத்தின் வழக்கம். அடி விழுந்ததும் பெட்டியில் ஏறின மின்சாரம் காற்றில் கரைந்து போகட்டும் என்று விடுகிற நேரம். மூன்றாவது அடிக்குப் பிறகு சந்தேகம் வாயைத் திறந்தான்.

"அக்கா, ஒவ்வொரு தடவையும் நீங்க அதத் தொடறீங்க."

"எதை?"

"பெட்டிய. ஸ்கூலுக்குப் போற புள்ளைக்குச் சட்டைய இழுத்து விடற மாதிரி, பிடியத் தொட்டுக் கோட்டுக்கு இழுத்து விடறீங்க."

"நானா?"

"நீங்கதான். பிளாஸ்திரி விரலால."

அவளுக்குத் தெரியவே தெரியாது. ஊசி அழுத்துகிற அழுத்தத்தில் பெட்டி சிவப்புக் கோட்டைவிட்டு ஒரு நூல் நகரும். அது நகர்ந்தால் அவளுக்குப் பொறுக்காது. இருபத்தோரு வருஷமாக விரல் தானாகப் போய்ச் சரிசெய்துவிட்டு வந்துகொண்டிருக்கிறது, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். சந்தேகம் தொடுவதில்லை. அவன் ஊசியைப் பூப்போல வைப்பவன், பெட்டி நகராது.

மெல்லப் பிளாஸ்திரியைப் பிரித்தாள். ஒரு டக் அடித்துவிட்டு வெறும் விரலால் பிடியைத் தொட்டாள். சுரீரென்றது.

"கடிக்குது" என்றாள்.

"எப்பவும் கடிக்குமா?"

"கடிச்சிருக்கும். நாய் வளக்கறவளுக்கு அது குரைக்கறது கேக்குமா?"

அதன் பிறகு வெறும் விரலால் ஒவ்வொரு அடிக்கும் தொட்டுக்கொண்டே போனாள். ஆறாவது அடியில் திரை இருண்டது. சந்தேகம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

விஷயம் இவ்வளவுதான். அந்தப் பெட்டிக்குத் தரையோடு ஒட்டு உறவு கிடையாது. பேட்டரியில் ஓடுவது, பிளாஸ்டிக் விரிப்பின்மேல் உட்கார்ந்திருப்பது. முதல் அடியில் ஏறிய மின்சாரம் வடிய வழியில்லாமல் அதிலேயே தங்கிவிடுகிறது. வாய்வரை நிறைந்த குடத்தில் மேலும் மொண்டு ஊற்றினால் உள்ளே என்ன போகும்? சந்தேகம் அடித்த பத்தில் முதல் அடிதான் அடி. மிச்சம் ஒன்பதும் குடத்தின் வெளியே வழிந்த தண்ணீர். மின்னல் விரலை வைக்கும்போதெல்லாம் குடம் காலியாகிவிடும். அவள் உடம்பு வழியாக, கூடத்தில் கொடுத்த மின்கடத்திச் செருப்பு வழியாக, தகரத் தரைக்குப் போய்விடும். அதனால் அவளுடைய பத்தும் பத்து முழு அடி. பிளாஸ்திரி சுற்றிய விரல் வழியைச் சாத்திவிட்டது, பெட்டியும் பிழைத்துக்கொண்டது. அவள் மனசு துறைமுகத்துக்குப் போனதற்கும் இதற்கும் எள்ளளவும் சம்பந்தம் இல்லை.

அது தெரிந்தபோது அவளுக்கு வந்த ஆறுதலைச் சொல்லி முடியாது. இனி எவ்வளவு வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

சந்தேகத்தின் முகம்தான் செத்துப்போயிருந்தது. "அஞ்சு எண்ணறது எதுக்கு அப்புறம்? அது கரஞ்சு போகணுமே."

அவள் சுவரில் மாட்டியிருந்த ஈரப்பத அளவியைக் காட்டினாள். முப்பத்திரண்டு. விதிப்படி முப்பதுக்குக் கீழே போகக்கூடாது, போகவில்லை. ஆனால் ஐந்து எண்ணுகிற வழக்கத்தை முத்திரை சார் எழுதிவைத்தது ஒரு மழைக்காலத்தில். ஈரக்காற்றில் ஐந்து எண்ணுவதற்குள் எல்லாம் கரைந்துவிடும். இரண்டு மாதத்துக்கு முன் புதுக் குளிர்சாதனம் மாட்டினார்கள். அறை ஜில்லென்று ஆனது, காற்று காய்ந்தது, எண்ணிக்கை மட்டும் ஐந்திலேயே நின்றுவிட்டது. வடிப்பதற்கென்றே இரண்டு முனையிலும் மின்தடை வைத்த ஒரு வடிகால் ஒயர் உண்டு. அதை அலமாரியில் சுருட்டிப் போட்டு வருஷக்கணக்காகிவிட்டது. எண்ணுவது எளிது, ஒயரை மாட்டிக் கழற்றுவது தொல்லை. யாரைக் குற்றம் சொல்ல?

"இந்த ரெண்டு மாசத்துல பேட்டரிப் பெட்டி மட்டும் பதினொண்ணு போயிருக்கு அக்கா" என்றான் சந்தேகம். "எல்லாத்துலயும் என் கையெழுத்து இருக்கு."

"என் கையெழுத்தும்தான் இருக்கு. விழாததத்தான் நானும் அனுப்பியிருக்கேன். ஆனாலும் ஒரு தடவ திரும்பக் கூப்பிட்டு அடிச்சிடலாம். பூட்டை ரெண்டு தடவ இழுத்துப் பாக்கறவன்தானே நீ?"

முத்திரை சாரிடம் போய்ச் சொன்னார்கள். அவர் வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"அப்ப நான் எழுதுன அஞ்சு தப்பு. அதானே சொல்ல வர்றீங்க?"

"மழைக்கு அது சரிதான் சார்" என்றாள் மின்னல்.

"காஞ்ச நாளைக்கு?"

"காஞ்ச நாளைக்கு ஒயர் வேணும் சார்."

கோபப்படுவார் என்று இருவரும் நினைத்தார்கள். அவர் சட்டையின் கையை மடித்துக்கொண்டு, "நானும் அடிக்கறேன். மூணு கையில பாத்துருவோம்" என்றார்.

வெள்ளி சாயங்காலமும் சனிக்கிழமை காலையும் அதற்கே போயிற்று. ஒவ்வொரு அடிக்கும் பிறகு வடிகால் ஒயரைப் பிடியில் வைத்து, வடிந்ததா என்று அளந்து, ஒயரை எடுத்துவிட்டு அடுத்த அடி. பெட்டியை விரலால் யாரும் தொடவில்லை. மின்னலுக்காக மேசையில் ஒரு மரச்சட்டத்தை ஒட்டி, பெட்டி நகராதபடி செய்தான் சந்தேகம். அவள் நூறு அடித்தாள், ஒன்பது தடவை விழுந்தது. சந்தேகம் நூறு அடித்தான், எட்டு. முத்திரை சார் வருஷக்கணக்காகத் துப்பாக்கி பிடிக்காதவர், வியர்த்து வழிய நூறு அடித்தார், ஒன்பது. பெட்டி தேறவில்லை. ஆனால் மூன்று பேரும் தேறிவிட்டவர்களைப் போல ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். தோல்விக்கு அப்படிச் சிரிக்கிறவர்களை வேறு எந்தத் தொழிலிலும் பார்க்க முடியாது.

அந்தச் சிரிப்பின் நடுவில்தான் போன் வந்தது. "சரக்கு சீக்கிரம் எறங்கிருச்சு" என்றார் அவர். "ஞாயிறு சாயங்காலம் இல்ல. காலைல எட்டு மணிக்கே கெளம்பறோம். ராத்திரி முழுக்க எஞ்சின் வேலை. நீ இனி வரவேணாம். அலைச்சல்தான் மிச்சம்."

"எட்டு மணிக்கா?"

"எட்டு."

"ரயிலு ஆறேகாலுக்குப் போய்ச் சேரும்."

"போர்ட் கேட்டுக்கு வந்து சேர ஏழாகும். வந்து என்னத்தப் பேசப் போற?"

"பேசறதுக்கா வர்றேன்?" என்றாள்.

தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முத்திரை சார் அதன்மேல் முத்திரையை வைத்து அழுத்தினார். "கம்பெனிக்காரன நான் பாத்துக்கறேன். நீ கெளம்பும்மா" என்றார். வாசல்வரை வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் துறைமுகத்தின் நுழைவாயிலில் இறங்கினாள். லாரிகள் வரிசையாக நின்றன. காவல்காரரின் அறைக்குப் பக்கத்தில் சுவரை ஒட்டி ஒரு சிமென்ட் பெஞ்சு. கணவர் வாயிலுக்குள்ளேயிருந்து நடந்து வந்தார். கன்னத்தில் கரி, கண் இரண்டும் சிவந்து கிடந்தன. முன்னந்தலை நரைத்திருந்தது. போனில் அது தெரியவில்லை.

"நாப்பது நிமிஷம் குடுத்திருக்காங்க" என்றார்.

"போதும்."

"விரல்ல என்ன?"

"வெங்காயம்."

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெட்டியைப் பற்றிக் கேட்டார். சந்தேகத்தின் முதல் அடியையும் ஐந்து எண்ணியதையும் நிறைந்த குடத்தையும் அவள் சொன்னாள். அவர் மெக்கானிக் அல்லவா, பாதியிலேயே பிடித்துக்கொண்டார். "அப்ப முதல் அடியில விழுந்தத அவன் தற்செயல்னு விட்டான் பாரு, அங்கதான் கோட்டை விட்டீங்க" என்றார். ஆமாம் என்றாள். "இனி அந்தப் பெட்டிய என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். உள்ளே மாற்றிச் செய்து திரும்பக் கொண்டுவருவார்கள், திரும்ப அடிப்போம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் தலை மெல்லச் சரிந்து அவள் தோளில் விழுந்தது. இரண்டு ராத்திரியாகத் தூங்காத மனிதர். மூச்சு சீராக வர ஆரம்பித்துவிட்டது.

அவள் எழுப்பவில்லை. பதினான்கு மாதமாகச் சேர்த்துவைத்த பேச்சு தொண்டைவரை இருந்தது. அக்காள் வீடு மாறியது, குளியலறைக் குழாய் ஒழுகுவது, அவருடைய சட்டை ஒன்றை அவளே போட்டுக்கொண்டு தூங்குவது. எதையும் சொல்லவில்லை. தோள் மரத்துப்போனது, அசையவில்லை. அவர் தலைமுடியில் டீசலும் உப்பும் கலந்து வாசனை வந்தது. மூச்சை இழுத்து நிறுத்தி, மெல்ல விட்டாள். ஒரு லாரிக்காரர் ஹாரனில் கை வைக்கப் போனவர், அவளைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

ஏழு இருபத்தைந்துக்குக் காவல்காரர் வந்து தொண்டையைச் செருமினார். கணவர் திடுக்கிட்டு எழுந்தார்.

"எவ்வளவு நேரம் தூங்கினேன்?"

"கொஞ்ச நேரம்தான்."

கடிகாரத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "ஏன் எழுப்பல? இதுக்கா ராத்திரி முழுக்க ரயில்ல வந்த?"

"ஆமா. இதுக்குத்தான்."

"பைத்தியம்."

"சனிக்கிழமையோட முடிஞ்சிரும்னு சொல்லியிருந்தேன். ஒரு நாள் கூடிப்போச்சு."

அவருக்கு அது புரியவில்லை, கேட்கவும் நேரமில்லை. கரிக் கையோடு அவள் கன்னத்தைப் பிடித்தார், பிறகு கரி ஒட்டிவிட்டதே என்று துடைக்கப் போய் இன்னும் கொஞ்சம் பூசினார். அடுத்தது எப்போது என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்வதற்கு. வாயிலுக்குள் போகும்போது மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவைக்குப் பிறகு ஒரு பெரிய லாரி குறுக்கே வந்துவிட்டது. அது நகர்ந்தபோது அங்கே வெறும் பாதை மட்டும் இருந்தது.

திரும்புகிற ரயில் சாயங்காலம்தான். அவள் கன்னத்தைக் கழுவாமல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள். கப்பல் கிளம்புகிற சங்கு ஊதியபோது மணி எட்டு பத்து. பத்து நிமிஷம் தாமதம். அந்தப் பத்து நிமிஷத்தையும் சேர்த்துத் தூங்கவிட்டிருக்கலாமே என்று மட்டும் அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.